டிக்கியின் மூலையில் ஒரு சப்வூஃபர்: மலையகக் குளிரில் மறைவான பெட்டி செய்யும் முறை

மலையகத்தில் கார் வைத்திருப்பவரின் டிக்கி வெறுமையாகக் கிடக்கும் நாட்கள் குறைவு. நுவரெலியாவிலிருந்து மரக்கறி மூட்டை வரும். ஹட்டனில் மாதச் சாமான் வாங்கினால் அரிசிப் பை ஏறும். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளை ரயில் நிலையத்தில் ஏற்றினால் அவர்களுடைய பைகளும் சேர்ந்து ஏறும். அப்படிப்பட்ட வண்டியில் கடையில் விற்கும் சதுரப் பெட்டியை வைத்தால் பாதி இடம் போய்விடும் என்பதால், நல்ல பேஸ் ஒலியில் விருப்பம் உள்ளவர்களும் அந்த ஆசையை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான செடான் கார்களின் டிக்கியில், பின் சில்லின் வளைவுக்கும் பின் விளக்குக்கும் இடையில், பக்கவாட்டு மூடித் தட்டிக்குப் பின்னால், ஒருவரும் பயன்படுத்தாத குழிவு ஒன்று உண்டு. அந்தக் குழிவின் வடிவத்திலேயே பைபர் கிளாஸ் ஓடு ஒன்றை வார்த்து, அதன் வாயை மரப்பலகையால் மூடி, அதில் தாழ்ந்த பேஸ் ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரை, 8 அல்லது 10 அங்குல அளவில், பொருத்தி, டிக்கியின் நிறத்திலேயே காபெட் ஒட்டிவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்குப் பெட்டி இருப்பதே தெரியாது.

இந்த வேலையை முதன்முறையாகச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைபர் கிளாஸ் வேலையைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் குறிப்புகள் வெப்பமும் உலர்வும் உள்ள இடங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நான் செய்த முதற்பெட்டியைத் தலவாக்கலையில் ஒரு ஜூலை மாதத்தில், தகரக் கொட்டகை ஒன்றில், சாரல் விழுந்துகொண்டிருந்தபோது வார்த்தேன். கண்ணாடி நாரை நனைத்து ஓடாக இறுகும் திரவமான ரெசின், மூன்று நாட்கள் கழித்தும் பிசின்போல ஒட்டிக்கொண்டே இருந்தது. ஓடு முழுவதையும் உரித்து எறிய வேண்டியதாயிற்று. பொருள் கெட்டது என்று அப்போது நினைத்தேன். உண்மையில் பொருளில் குறையில்லை. குளிரையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்காததுதான் தவறு. ஆகவே இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த மூலையைத் தெரிவு செய்வது

வேலையைத் தொடங்குமுன் டிக்கியின் இரு பக்கத் தட்டிகளையும் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் அரைமணி நேரம் பார்க்க வேண்டும். பொறுமையில்லாமல் இந்தப் பார்வையைத் தவிர்ப்பவர்கள் பின்னால் பெரிய விலை கொடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது எரிபொருள் குழாய். பெற்றோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கக் குழிவின் வழியாகத்தான் பெரும்பாலும் குழாய் இறங்குகிறது. அங்கே இடமும் குறைவு, ஆணி இறக்குவதும் ஆபத்து. எனவே மறுபக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

அடுத்தது, மலைநாட்டில் ஓடும் வண்டிக்கு உயிர்நாடி போன்ற ஒரு பகுதி. பின் பம்பருக்கு உட்புறமாக, டிக்கியின் பக்கச் சுவரில், மெல்லிய ரப்பர் மடல்கள் கொண்ட சிறிய பிளாஸ்ரிக் சட்டம் ஒன்று இருக்கும். காருக்குள் வரும் காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான். கதவைச் சாத்தும்போது உள்ளே அழுத்தம் ஏறாமல் காப்பதும் அதுவே. பெட்டி அதை அடைத்துவிட்டால் கதவு சாத்தக் கடினமாகும். அதைவிட மோசமாக, காருக்குள்ளிருக்கும் ஈரக் காற்று வெளியேற முடியாமல் கண்ணாடிகளில் பனி படியும். தாழ்நிலத்தில் இது ஒரு சின்னத் தொந்தரவு. றம்பொடை வளைவுகளில் மாலை மூடுபனிக்குள் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, முன் கண்ணாடி உள்பக்கமாகவும் மங்குவது உயிருக்கே ஆபத்தான விடயம். எனவே அந்தச் சட்டத்துக்கும் உங்கள் ஓட்டுக்கும் இடையில் குறைந்தது 3 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும்படி வடிவத்தைத் திட்டமிடுங்கள். இடைவெளி விட முடியாத அமைப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கைவிடுங்கள்.

பின் விளக்கின் பல்பை மாற்றும் வழி, ஜாக்கி வைக்கும் இடம், உதிரிச் சில்லின் மூடி ஆகிய மூன்றும் பெட்டி வந்த பிறகும் கையெட்டும் நிலையில் இருக்க வேண்டும். கினிகத்தேனைப் பக்கத்தில் மழையில் டயர் காற்றுப் போனால், சப்வூஃபரைக் கழற்றித்தான் சில்லை எடுக்க முடியும் என்ற நிலை யாருக்கும் வரக்கூடாது.

ஹைபிரிட் கார்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அவற்றில் உயர் மின்னழுத்த பற்றரி பின்னிருக்கையின் கீழோ பின்னாலோ இருக்கும். அதைக் குளிரவைக்கும் காற்றுத் துவாரம் பெரும்பாலும் பின்னிருக்கையின் ஓரத்தில் இருக்கும். அந்தத் துவாரத்தை எதுவும் மறைக்கக்கூடாது. செம்மஞ்சள் நிற உறை போட்ட வயர்கள் எங்கே தெரிந்தாலும் அவற்றின் அருகே துளையிடவோ ஆணி இறக்கவோ கூடாது. உறுதியாகத் தெரியாதவர்கள், ஹைபிரிட் வேலை தெரிந்த ஒருவரிடம் வண்டியைக் காட்டிவிட்டுத் தொடங்குவதே முறை.

எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்

சப்வூஃபரின் கூம்பு முன்னால் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதால்தான், பின்பக்கத்தைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைக்கிறோம். குழாய் வைத்த பெட்டிகளும் உண்டு. அவற்றில் குழாயின் நீளமும் பெட்டியின் கொள்ளளவும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும் என்பதால், ஒழுங்கற்ற வடிவமுள்ள ஓட்டில் முதன்முறை செய்பவருக்கு அது பொருந்தாது. முழுமையாக மூடிய பெட்டியையே செய்யுங்கள்.

ஸ்பீக்கருடன் வரும் தாளில் மூன்று எண்கள் முக்கியம். ஒன்று அதன் இயல்பு அதிர்வெண் (Fs). இரண்டாவது, கூம்பின் அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டும் மொத்த க்யூ மதிப்பு (Qts). மூன்றாவது, அதன் தொங்கலின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் அளவு (Vas), அது லீற்றரில் தரப்பட்டிருக்கும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். க்யூ 0.45, சமான காற்று 28 லீற்றர், இயல்பு அதிர்வெண் 30 ஹேர்ட்ஸ் என்று வைப்போம். பெட்டியில் பொருத்திய பிறகு வரும் க்யூ 0.707 ஆக இருந்தால் ஒலி இழுபடாமலும் முட்டாமலும் சமநிலையாக இருக்கும். 0.707ஐ 0.45ஆல் வகுத்து, வந்த எண்ணை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஏறக்குறைய 1.47 கிடைக்கும், 28ஐ அதனால் வகுத்தால் 19 லீற்றர். இதுதான் பெட்டிக்குள் காற்றுக்குத் தேவையான இடம். ஸ்பீக்கரின் காந்தமும் சட்டமும் உள்ளே அடைத்துக்கொள்ளும் இடத்தை இதோடு கூட்ட வேண்டும். 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒன்றரை லீற்றர் என்று வைத்தால், ஓட்டின் மொத்தக் கொள்ளளவு இருபதரை லீற்றராக இருக்க வேண்டும்.

மூலையில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் மனந்தளர வேண்டாம். ஓடு 18 லீற்றரில் முடிந்தது என்று வையுங்கள். ஸ்பீக்கர் போக 16.5 லீற்றர் மிஞ்சும். அப்போது க்யூ 0.74க்குத்தான் ஏறும். காதால் அந்த வித்தியாசத்தைப் பிரித்தறிவது மிகக் கடினம். பெட்டிக்குள் தலையணைக்குப் போடும் பொலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால், காற்றுக்கு அந்தப் பெட்டி சற்றுப் பெரியதாகவே நடந்துகொள்ளும். இலவம் பஞ்சைப் போடாதீர்கள். அது ஈரத்தை இழுத்துக்கொண்டு பூசணம் பிடிக்கும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப்போல வேலை செய்கிறது. அழுத்தம் குறைந்தால் அந்த வில்லும் அதே அளவுக்கு இளகும். மேலே சொன்ன உதாரணப் பெட்டி கொழும்பில் 47 ஹேர்ட்ஸில் ஒத்ததிரும் என்றால் நுவரெலியாவில் 44 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். அதாவது, உயரம் நம்முடைய சிறிய பெட்டிக்குச் சாதகமாகவே இருக்கிறது. இதற்காகக் கணக்கை மாற்றத் தேவையில்லை. ஆனால் இடம் சிறிது குறைந்தாலும் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்க வேண்டியவை

ஒரு மூலைக் குழிவின் பரப்பு ஏறக்குறைய 0.6 சதுர மீற்றர் என்று கொள்வோம். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள பைபர் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒரு அடுக்கு, ரெசினோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பைத் தரும். சப்வூஃபர் பெட்டி அதிராமல் நிற்க 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். ஐந்து அடுக்குக்கு 3 சதுர மீற்றர், அதாவது 1.35 கிலோ மேட் தேவை. மேட்டின் நிறையைப்போல இரண்டரை மடங்கு ரெசின் போகும் என்பதால் நான்கு கிலோ பொலியெஸ்டர் ரெசின் வாங்கினால் போதும். ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர், தூரிகைகள், மடிப்பை அழுத்தும் சிறிய உலோக உருளை, அசிட்டோன், மாஸ்கிங் டேப், அலுமினியத் தாள், மெழுகுப் பொலிஷ், ஒரு சிறிய டிஜிட்டல் தராசு ஆகியவையும் வேண்டும். அந்தத் தராசு மீண்டும் சமையலறைக்குப் போகக்கூடாது.

முகப்புப் பலகைக்குப் பலரும் மர நாரை அழுத்திச் செய்த 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். பலகையைச் சொல்வார்கள். அது ஒலிக்கு நல்லதுதான். ஆனால் ஈரம் பட்டால் ஊதிப் பிளந்துவிடும். மாதக்கணக்கில் மூடுபனியில் நிற்கும் வண்டிக்கு அதே தடிப்புள்ள மெரைன் பிளைவூட்தான் என் தெரிவு. விலை கூடினாலும் ஒரு முறைதான் வாங்குகிறோம்.

பாதுகாப்புப் பொருட்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவியைத் துணி முகக்கவசம் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பூட்டிய முகக்கவசமே வேண்டும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையைக் கெடுக்கக்கூடியது என்பதால், கண்ணைச் சுற்றி முழுதாக மூடும் கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்கக்கூடாது. பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்ல ஆயத்தமாக வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைகளில் சில வேளை ரெசினோடு இறுகலை விரைவாக்கும் ஊதா நிறக் கோபோல்ட் திரவத்தையும் தனிப் போத்தலில் தருவார்கள். அந்தக் கோபோல்ட்டையும் ஹார்ட்னரையும் எக்காரணம் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இரண்டையும் ஒரே அட்டைப் பெட்டியில் அடுக்கிவைப்பதும் தவறு. முடிந்தவரை கோபோல்ட் ஏற்கெனவே கலந்த ரெசினைக் கேட்டு வாங்குங்கள். அப்போது ஹார்ட்னர் மட்டுமே உங்கள் கையில் இருக்கும்.

குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ற நேரம்

தப்புக் கலைஞர்கள் திருவிழாவில் வாசிக்கத் தொடங்குமுன் தோலைத் தீயில் காய்ச்சுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பனியில் இளகிய தோல் காய்ந்து இறுகினால்தான் ஒலி எழும். ரெசினும் அத்தகைய பொருள்தான். சூடு இல்லாமல் அது இறுகாது. ஆனால் தப்புக்கு ஏற்ற தீ ரெசினுக்குக் கிட்டவும் வரக்கூடாது. ஸ்டைரீன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், அடுப்பு எரியும் வீட்டுக்குள்ளோ காஸ் அடுப்பின் அருகிலோ கரி நெருப்பின் பக்கத்திலோ இந்த வேலையைச் செய்ய நினைக்கவே கூடாது. லயங்களில் ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டுக்குள் போகும். இந்த ஆவியும் அப்படியே போகும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வரிசையில் வேலை செய்யாமல், பக்கம் திறந்த கொட்டகை ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

ரெசின் ஒழுங்காக இறுக, பொருளும் சூழலும் 18 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 15 பாகைக்குக் கீழே போனால் இறுகல் மிகவும் தாமதமாகும் அல்லது அரைகுறையாக நின்றுவிடும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட நாட்களே சரியான காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும். அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் வறண்ட காற்று வீசும் என்பதால், ஊவாவில் இருப்பவர்கள் ஜூன், ஜூலையில் தாராளமாக வேலை செய்யலாம். நாளுக்குள்ளும் நேரம் உண்டு. காலை பத்து மணிக்குப் பனி கலைந்த பின் தொடங்கி, பகல் இரண்டு மணிக்குள் அன்றைய அடுக்கை முடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு மூடுபனி இறங்கும் ஊரில், இரண்டரைக்கு ஊற்றிய ரெசின் ஈரத்தைக் குடித்து வெளிறிவிடும்.

ரெசின் டின்னை முந்தின இரவே வீட்டுக்குள், அடுப்பில்லாத அறையில், மூடி இறுக்கமாக வைத்திருங்கள். வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிய டின்னை வெதுவெதுப்பான நீருள்ள வாளியில் நிறுத்தலாம். தண்ணீர் ரெசினுக்குள் ஒரு துளியும் போகக்கூடாது. ஓடு இறுகும்போது, மின்குமிழின் சூட்டைத் தூரத்திலிருந்து காட்டுவதை நான் ஆவி பெருமளவு அடங்கிய பின்னரே, அதாவது ஓடு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பின்னரே செய்கிறேன்.

குளிர் என்பதற்காக ஹார்ட்னரைக் கண்டபடி கூட்டுவது நான் செய்த இரண்டாவது தவறு. நிறையில் ஒன்று முதல் இரண்டு வீதம் என்பதே எல்லை. 500 கிராம் ரெசினுக்கு ஒன்றரை வீதம் என்றால் 7.5 கிராம். அளவை மீறினால் ஓடு சூடேறி வெடிப்பு விடும். குறைத்தால் என்றுமே முழுதாக இறுகாது. ஒரே நேரத்தில் 500 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். கோப்பையில் மிஞ்சியதை ஆழமான டின்னில் சேர்த்து வைத்தால் அது கொதித்துப் புகையும்; மணல் பரப்பிய தகரத்தில் மெல்லியதாக ஊற்றி, வெளியே வைத்து இறுகவிடுங்கள்.

ஓடு வார்த்தல்

குழிவை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். தகரத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக, இடைவெளியின்றி ஒட்டி, அதன் மேல் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் பதித்து, மேலே மெழுகுப் பொலிஷைத் தடவுங்கள். ரெசின் வண்டியின் பெயின்ற்றைத் தொட்டால் திரும்ப எடுக்க முடியாது. எனவே டிக்கியின் மீதிப் பகுதியையும் பின்னிருக்கையையும் தடித்த பொலித்தீனால் மூடுங்கள். பற்றரியின் மறை (மைனஸ்) முனையைக் கழற்றிவிடுவது நல்லது. வடிவத்தை மாற்ற ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) துண்டுகளைப் பயன்படுத்தினால் அவற்றையும் டேப்பால் முழுதாகச் சுற்றுங்கள். ரெசின் பட்டால் ரெஜிபோம் கரைந்து ஓடும்.

இங்கே புதியவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. குழிவின் உட்புறம் பெரும்பாலும் அதன் வாயைவிட அகலமாக இருக்கும். அந்த முழு அகலத்துக்கும் ஓட்டை வார்த்துவிட்டால், இறுகிய பின் அதை வெளியே எடுக்க வழியே இருக்காது. முன்கூட்டியே ஓர் அட்டைத் துண்டை வாயின் அளவுக்கு வெட்டி, உள்ளே நுழைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் தட்டுகிறதோ அந்த மடிப்பை ரெஜிபோமால் நிரப்பிச் சாய்வாக்குங்கள். சில லீற்றர் இடம் போனாலும் ஓடு கழன்று வர வேண்டும்.

மேட்டைக் கத்தரியால் நேராக வெட்டாமல், கையால் உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கிழியுங்கள். கிழிந்த விளிம்பு அடுத்த துண்டோடு பின்னிக்கொள்ளும். முதலில் மேற்பரப்பில் ரெசினைத் தடவி, துண்டை வைத்து, தூரிகையால் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளையாக இருந்த மேட் கண்ணாடிபோலத் தெளிந்தால் நனைந்துவிட்டது என்று பொருள். காற்றுக் குமிழ்களை உருளையால் அழுத்தி வெளியேற்றுங்கள். காருக்குள் இரண்டு அடுக்கு மட்டும் இடுவதே என் வழக்கம். அவை இறுகிய மறுநாள் ஓட்டை மெதுவாக அசைத்து வெளியே எடுத்து, மீதி அடுக்குகளைத் திறந்த வெளியில் இடுகிறேன். காருக்குள் ஆவியும் குறையும், வேலையும் நிமிர்ந்து நின்று செய்யலாம். மேல் அடுக்கு சற்றே பிசுபிசுப்பாக இருப்பது இயல்பு. அடுத்த அடுக்கு ஒட்டுவதற்கு அது நல்லதும்கூட. கடைசி அடுக்கின் மேல் மட்டும் பொலித்தீன் தாளைப் பதித்துக் காற்றை மறைத்தால் மேற்பரப்பு முழுதாக இறுகும்.

ஐந்து அடுக்கும் முடிந்த பின் குறைந்தது மூன்று நாள், மேல்மலையில் ஐந்து நாள், வெயில் படும் இடத்தில் வையுங்கள். பிறகு ஓட்டைத் தட்டிப் பார்த்தால் கனத்த பலகையைப்போல ஒலிக்க வேண்டும். தகரம்போல் அதிரும் இடத்தில் மேலும் ஓர் அடுக்கு இடுங்கள்.

அளத்தலும் முகப்பும்

ஒழுங்கற்ற வடிவத்தின் கொள்ளளவைச் சூத்திரத்தால் காண முடியாது, தண்ணீரால் காணலாம். ஓட்டை வாய் மேலாக மட்டமாக நிறுத்தி, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலால் நிரப்பிக்கொண்டே எண்ணுங்கள். பன்னிரண்டு போத்தல் பிடித்தால் 18 லீற்றர். எங்காவது ஒழுகினால் அந்தத் துவாரமும் அப்போதே தெரிந்துவிடும். அளந்த பின் ஒரு நாள் முழுதாக உலரவிட வேண்டும்.

முகப்புப் பலகையை ஓட்டின் விளிம்பில் வைத்துக் கோடிட்டு வெட்டுங்கள். ஸ்பீக்கருக்கான வட்டத்தை அதனோடு வரும் தாளின் அளவுப்படியே வெட்ட வேண்டும். கையில் மரம் குடையும் ரவுட்டர் இயந்திரம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தச்சு பாஸ் ஒருவரிடம் கொடுத்துவிடலாம். காந்தத்தின் பின்புறத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டரை சென்ரிமீற்றர் இடம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். பலகையின் இரு பக்கங்களிலும், குறிப்பாக வெட்டு முனைகளில், ரெசினைப் பூசி ஈரம் புகாமல் அடையுங்கள். பின்னர் பலகையை விளிம்பில் திருகாணிகளால் இறுக்கி, உட்புற மூட்டு முழுவதும் மேட்டும் ரெசினும் இட்டு இரண்டு அடுக்கில் பிணைக்க வேண்டும். ஸ்பீக்கர் வட்டத்தின் வழியாகக் கையை விட்டுச் செய்யும் இந்த மூட்டுவேலைதான் பெட்டியின் உயிர். அவசரப்படாமல், விரலால் தடவிப் பார்த்துச் செய்யுங்கள்.

ஸ்பீக்கரை ரப்பர் நுரைப் பட்டையின் மேல் வைத்து இறுக்கிய பிறகு, கூம்பை இரு கைகளாலும் சமமாக மெதுவாக அழுத்தி விடுங்கள். அது தயங்கித் தயங்கி மேலே வந்தால் பெட்டி காற்றை அடைத்திருக்கிறது. சட்டென்று எழும்பினால் எங்கோ கசிவு உண்டு. ரெசின் முழுதும் இறுகி மணம் அடங்கிய பின், மெல்லிய ஒலியை ஓடவிட்டு, மூட்டின் அருகே ஊதுபத்தியைக் காட்டினால், கசியும் இடத்தில் புகை துடிக்கும்.

வண்டியில் பொருத்துதலும் வயர் வேலையும்

ஸ்பீக்கரோடு சேர்ந்து இந்தப் பெட்டி பத்துப் பதினைந்து கிலோ வரை நிறுக்கும். மோதல் ஒன்றில் அது பறந்து வந்தால் பின்னிருக்கையில் இருப்பவர்களின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஒட்டுப் பட்டைகளை நம்பாமல், வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் இரும்புத் தகடுகளால் பிணையுங்கள். புதிய துளை தவிர்க்க முடியாவிட்டால், மறுபக்கம் எரிபொருள் தாங்கியோ பிரேக் குழாயோ இல்லை என்று பார்த்தே துளைத்து, வெட்டிய விளிம்பில் உடனே துருத் தடுப்புப் பெயின்ற் பூசுங்கள். நமது பனியில் மூடாத இரும்பு ஒரு மாதத்தில் சிவந்துவிடும்.

ஸ்பீக்கரை இயக்கும் அம்ப் (அம்ப்ளிஃபயர்) 250 வாட்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. மூடுபனியில் ஏறும் வண்டிக்கு முன் விளக்கு, வைப்பர், கண்ணாடிச் சூடாக்கி, காற்றாடி எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும். அல்டர்னேற்றருக்கு அதற்கு மேல் பெரிய பாரம் கொடுப்பது நல்லதல்ல. 250 வாட் டி வகுப்பு அம்ப் உச்சத்தில் ஏறக்குறைய 24 அம்பியர் இழுக்கும். அதற்கு 10 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும், பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் 30 அம்பியர் பியூஸும் போதும். செப்புப் பூச்சிட்ட அலுமினிய வயர் மலிவாகக் கிடைத்தாலும் மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும். அதை வாங்கினால் ஒரு படி தடிப்பாக வாங்க வேண்டும். பியூஸைப் பற்றரியிலிருந்து தொலைவில், அம்பின் அருகே மட்டும் வைத்தால், நடுவில் வயர் உரசிப் பழுதாகும்போது தீயைத் தடுக்க ஒன்றும் இருக்காது. மின் வயரை வண்டியின் ஒரு பக்கமாகவும் ஒலி வயரை மறுபக்கமாகவும் கொண்டுவந்தால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல் வராது. ஏர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கி, மேலே கிறீஸ் தடவுங்கள்.

ஒலியைச் சரிசெய்தல்

உள்வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிக்கும் கெயின் குமிழ் அம்பில் இருக்கும்; அதைக் காதால் கூட்டிக்கொண்டே போவதுதான் ஸ்பீக்கர்கள் எரிவதற்கு முக்கிய காரணம். மீற்றரால் அளந்து வையுங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, பேஸ் கூட்டும் வசதிகளை எல்லாம் பூச்சியத்தில் வைத்து, கார் ரேடியோ செட்டின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். 250 வாட், 4 ஓம் என்றால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.6 வோல்ட். மாறுமின் அழுத்தத்தைக் காட்டும் நிலையில் மீற்றர் அந்த எண்ணைத் தொடும்வரை கெயினை மெதுவாகத் திருப்பி அங்கேயே விட்டுவிடுங்கள். தாழ் ஒலி வடிகட்டியை 80 ஹேர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம். பேஸ் பின்னாலிருந்து வருவதுபோலத் தனித்துக் கேட்டால் 70க்கு இறக்குங்கள். ஸ்பீக்கர் வயர்களின் இரு முனைகளையும் ஒரு முறை மாற்றிப் பூட்டிப் பார்த்து, எந்த நிலையில் பேஸ் நிறைந்து கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு நான் உறுமியும் தவிலும் ஒலிக்கும் பதிவுகளையே போடுகிறேன். உறுமியின் இழுத்த முனகல் ஏறி இறங்கும்போது எந்த இடத்திலும் திடீரென்று பெருத்தும் சிறுத்தும் போகாமல் ஒரே ஓட்டமாகக் கேட்டால் பெட்டி சரியாக அமைந்திருக்கிறது. தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்க அடி விழுந்தவுடன் நிற்க வேண்டும். பின்னால் இழுபட்டால் பெட்டிக்குள் இன்னும் சிறிது பஞ்சு வையுங்கள். இலக்கத் தகடும் டிக்கி மூடியும் அதிர்ந்தால் அவற்றின் உட்புறத்தில் அதிர்வைத் தணிக்கும் பியூட்டைல் பட்டைகளை ஒட்டினால் அடங்கும். வளைவான பாதையில் எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்காத அளவுக்கு ஒலியைக் கூட்டாதீர்கள். சப்வூஃபருக்கென்று தனியான சிறு குமிழ் ஒன்றைச் சாரதி கையெட்டும் இடத்தில் பூட்டினால், மலை ஏறும்போது குறைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

முதல் இரண்டு வாரம் ஓடிய பின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் ஒரு முறை இறுக்குங்கள். முதற் பருவமழையில், பெட்டியின் கீழே கையை விட்டுக் காபெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் டிக்கியின் ரப்பரையும் பின் விளக்கின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது.